முன்மாதிரிச் சமையலறை

சிக்கனக்கா என்பது அவள் பெயர் இல்லை. பள்ளிக்கூடத்து டீச்சர்கள் வைத்த பட்டம். அவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவளோ அதைப் பரிசு வாங்கியதுபோல எடுத்துக்கொண்டாள். "என்ன சிக்கனக்கா, இன்னிக்கு என்ன மிச்சம் பிடிச்சீங்க?" என்று யாராவது கேட்டால் போதும், முகம் பூரித்துப்போகும். அந்தப் பள்ளிக்கூடத்து மதிய உணவுச் சமையலறைக்கு அவள்தான் தலைமைச் சமையல்காரி.

அரசாங்கம் ஒரு தட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை தரும். முதலில் பொருளை வாங்கிச் சமைத்துப் போட்டுவிட வேண்டும். மாதம் முடிந்ததும் எத்தனை தட்டு போட்டோம் என்று சொன்னால், பிறகு ஆடி அசைந்து பணம் வரும். சமையல்காரர்கள் அதைத் தட்டு ரேட்டு என்பார்கள். அந்த ரேட்டு நாலு வருஷமாக ஏறவில்லை. எண்ணெய்க்கும் பருப்புக்கும் இந்த விஷயம் தெரியாததால் அவை பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தன.

மற்ற பள்ளிகளின் சமையல்காரர்கள் கூடும்போதெல்லாம் இதே புலம்பல்தான். சிக்கனக்கா மட்டும் வாய் திறக்க மாட்டாள். அவள் அண்டாவில் பருப்புக்குச் சமமாகக் காய் இருந்தது. முட்டை போடும் நாளில் முழு முட்டை விழுந்தது. இன்னொரு கரண்டி கேட்ட பிள்ளையிடம் 'இல்லை' என்று அவள் சொன்னதே கிடையாது. இரண்டாம் வகுப்பில் ஒல்லியாக ஒரு பெண் இருந்தாள். தட்டில் எவ்வளவு போட்டாலும் நகராமல் நின்று, "இன்னும்," என்பாள். அவளுக்கு 'இன்னும்' என்றே பெயர் விழுந்துவிட்டது. "வாடி இன்னும்!" என்று சிக்கனக்கா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் போடுவாள். அந்தச் சின்ன வயிற்றுக்குள் அதெல்லாம் எங்கே போகிறது என்பது அவளுக்குப் பெரிய ஆச்சரியம்.

இந்தப் பெருமைக்கெல்லாம் காரணம் அவள் கணவர். சந்தையில் மூலைக்கடை போட்டுக் காய் விற்கிறவர். விற்காமல் நின்றுபோன வளைந்த கேரட், முனை முறிந்த கத்தரிக்காய், மேல் இலை வாடிய கோஸ் எல்லாவற்றையும் மூட்டை கட்டி, காலையில் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்தின் பின்வாசலில் இறக்கிவிட்டுப் போவார். எதுவும் அழுகியது இல்லை; அழகாக இல்லாதது, அவ்வளவுதான். காசு வாங்க மாட்டார். ஆனால் பில் இல்லாத பொருள் அண்டாவுக்குள் போகக்கூடாது என்று சட்டம் இருந்ததால், பேருக்கு ஒரு பில் எழுதுவார். கடையில் அவளைக் கூப்பிட்டு வைத்து, "இதுக்குப் போயி முழு விலை எழுதினா எனக்குத் தூக்கம் வராது," என்று ஒன்றுமில்லாத விலையாகப் போடுவார். அந்தக் காசையும் அவள் எண்ணெய்க்குத் திருப்பிவிடுவாள். இந்தக் கதையில் நடந்த கெடுதல் அத்தனையும் ஒரு நல்ல மனிதரின் நல்ல தூக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. அவரைத் திட்டவும் மனசு வரவில்லை.

மூட்டை விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கூடப்பிறந்த தங்கையிடமும் இல்லை. தங்கையும் சமையல்காரிதான், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளிக்கூடத்தில். மாமா கடையில்தான் அக்கா காய் வாங்குகிறாள் என்பது தங்கைக்குத் தெரியும். சும்மா வருகிறது என்பது தெரியாது. சொன்னால் அவளும் கேட்பாள். இருந்ததோ ஒரே மூட்டை.

ஒரு நாள் சாயங்காலம் தங்கை மூச்சு வாங்க வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, விஷயம் தெரியுமா? ரேட்டை ஏத்தப் போறாங்களாம்! ஒரு ஆறு ஸ்கூலுக்கு ஆள் அனுப்பி, நெஜமா என்ன செலவாகுதுன்னு ஒரு வாரம் உக்காந்து பாக்கப் போறாங்க. அதுல உன் ஸ்கூலும் இருக்கு."

"வரட்டுமே. எனக்கென்ன பயம்?"

"பயப்படச் சொல்லல. உன் சாமர்த்தியத்தை எல்லாம் அந்த ஒரு வாரம் மூட்டை கட்டி வை. உள்ளதை உள்ளபடி காட்டு. பத்தலைன்னா பத்தலைன்னு சொல்லு. புரியுதா?"

"எனக்கே பாடம் எடுக்கறியா? போடி."

"எடுத்துத்தான் ஆகணும். உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? விருந்தாளி வந்தா அடுத்த வேளைக்கு வெச்சதையும் எடுத்துப் போட்டுட்டு, 'எங்க வீட்ல எப்பவும் இப்படித்தான்'னு சொல்ற ஆளு நீ."

அக்கா சிரித்தாள். சரி என்று தலையையும் ஆட்டினாள். ஆட்டிய தலை அவளுடையதுதான்.

கணக்கெடுக்க வந்தவர் இளைஞர். கண்ணாடி போட்டிருந்தார். கூடவே ஒரு தராசைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தார். முதல் நாள் அவர் வாசலில் நின்று, "உள்ள வரலாமாம்மா?" என்று கேட்டார். அந்தச் சமையலறைக்குள் வர இதுவரை யாரும் அவளிடம் அனுமதி கேட்டதில்லை. அங்கேயே அவள் விழுந்துவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த வாரம் சமையலறை பளபளத்தது. அண்டாவின் அடிக்கரி போகத் தேய்த்தாள். கோஸ் தண்டைத் தூக்கி எறியாமல் பொடியாக நறுக்கிப் பருப்பில் போட்டாள். வழக்கமாகச் செய்வதைவிட ஒரு படி மேலே போய், பொரியலும் வைத்தாள். தங்கை சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள்.

கடைசி நாள் அவர் காய் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "இவ்வளவு காய்க்கு இவ்வளவுதானா விலை?"

"ஆமா சார்."

"மத்த ஸ்கூல்ல எல்லாம் மூணு மடங்கு ஆகுதே."

'அது என் வீட்டுக்காரர் கடை சார், விக்காத காய்' என்ற பதில் அவள் நாக்கு நுனிவரை வந்தது. விற்காத காயைப் போட்டா பிள்ளைகளை வளர்க்கிறாய் என்று கேட்டுவிட்டால்? அந்தப் பயம் ஒரு பக்கம். அதற்குள் அவர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, "எப்படிம்மா சமாளிக்கறீங்க? எனக்குப் புரியவே இல்ல!" என்றார். உண்மையான ஆச்சரியம். பல வருஷமாக அடுப்படியில் வெந்தவளைப் பார்த்து ஒருவர் முதல்முறையாக ஆச்சரியப்படுகிறார்.

"கேக்கற விதத்துல கேட்டா கிடைக்கும் சார்," என்றாள் சிக்கனக்கா.

அவர் சிரித்தார். நன்றாகச் சொன்னீர்கள் என்று அதையும் எழுதிக்கொண்டார்.

ஆறு பள்ளிகளைப் பார்த்தார்கள். ஐந்தில் ரேட்டு போதவில்லை, ஒன்றில் போதுமானதாக இருந்தது. பணம் கொடுக்க வேண்டியவருக்கு இந்த ஆறில் எது பிடிக்கும் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. ரேட்டை ஏற்றத் தேவையில்லை என்று முடிவானது. அதோடு விட்டார்களா? காய்க்கென்று ஒதுக்கிய பங்கு அதிகமாகத் தெரிகிறது என்று அதில் கொஞ்சம் வெட்டினார்கள். எல்லாப் பள்ளிகளுக்கும் போன சுற்றறிக்கையில், ஒரு சமையலரின் அனுபவ வாக்கு என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது: கேட்கும் விதத்தில் கேட்டால் கிடைக்கும். நல்லவேளையாக, எந்தப் பள்ளி என்று போடவில்லை.

அடுத்த வாரம் தங்கை போன் செய்தாள். அழவில்லை, அழுதிருந்தால்கூடத் தேவலை.

"யாருக்கா அந்தப் புண்ணியவதி? தெரிஞ்சா சொல்லு, கால்ல விழுந்து கும்பிட்டுட்டு வரேன். நானும் சந்தைக்குப் போயி கேக்கற விதத்துல கேட்டேன். கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? 'பிச்சை கேக்கற விதத்துலயாம்மா?'ன்னாரு. கடையில இருந்த அத்தனை பேரும் சிரிச்சாங்க."

"பிள்ளைங்களுக்கு என்ன போடற?" என்று மட்டும் கேட்டாள் சிக்கனக்கா.

"பருப்புல தண்ணி. வேறென்ன? முட்டையைப் பாதியாக்கிட்டோம். கத்தியில அறுத்தா மஞ்சக்கரு ஒட்டிக்கிட்டு வீணாப் போகுது. அதனால நூல் போட்டு அறுக்கறேன். சரிபாதியா வரும். நான்கூட சாமர்த்தியசாலிதான், பாத்தியா?"

போனை வைத்த பிறகு சிக்கனக்கா அன்றைக்குச் சோற்றில் கை வைக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நினைப்பாள். சொன்னால் பொய் பில் என்று மூட்டை நின்றுபோகும். 'இன்னும்' தட்டோடு வந்து நிற்கும்போது என்ன செய்வது? சொல்லாவிட்டால், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு நூல் முட்டையை அறுத்துக்கொண்டே இருக்கும். தன் பிள்ளைகளுக்குப் போடும் ஒவ்வொரு கரண்டியும் யாரோ ஒரு பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்ததாகத் தோன்ற ஆரம்பித்தது. கை பாட்டுக்குப் பரிமாறியது. மனசு ஒட்டவில்லை.

இந்த நிலைமையில்தான் அந்த உத்தரவு வந்தது. சுற்று வட்டாரச் சமையல்காரர்கள் எல்லாரும் முன்மாதிரிச் சமையலறைக்கு வந்து, குறைந்த செலவில் நிறைவாகச் சமைப்பது எப்படி என்று ஒரு நாள் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். தலைமையாசிரியை உச்சி குளிர்ந்துபோய், பள்ளிக்கூடத்தின் பெயர்ப்பலகைக்குக் கீழே 'முன்மாதிரிச் சமையலறை' என்று இன்னொரு பலகை மாட்டிவிட்டார்.

முந்தின நாள் மத்தியானம் அவள் கணவரின் கடைக்குப் போனாள். அவர் தரையில் உட்கார்ந்து, உள்ளதில் நேரான கேரட்டாகப் பார்த்துத் தனியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஆபீசர் வராரில்ல? பாத்தியா, எல்லாம் ராணுவ வீரன் மாதிரி நிக்குது."

"நாளைக்கு மூட்டை வேணாங்க."

"ஏன்? அப்ப பிள்ளைங்க?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தராசுக்காரர் கேட்டது, தான் சொன்னது, சுற்றறிக்கை, தங்கையின் நூல். அவர் கையிலிருந்த கேரட்டைக் கீழே வைத்தார்.

"நான் முழு விலையை எழுதியிருக்கணுமோ?" என்றார்.

"நீங்க எழுதினதுல தப்பில்ல. நான் பேசினதுதான் தப்பு."

"நாளைக்கு அதைச் சொல்லிடப் போறியா?"

"தட்டு ரேட்டுக்கு எவ்வளவு வருதோ அதை மட்டும் வெச்சு சமைக்கப் போறேன். அண்டாவைப் பாத்தா அவருக்கே புரிஞ்சிடும்."

அதாவது, தன் வாய் சொல்ல வேண்டியதை அண்டா சொல்லட்டும் என்று திட்டம் போட்டாள். அண்டாவுக்கு வாய் இல்லை. அது சொல்ல வேண்டுமானால் பிள்ளைகளின் வயிற்றைக் கொண்டுதான் சொல்ல வேண்டும். இது தெரியாத அளவுக்கு அவள் மண்டு இல்லை. தெரிந்துதான் செய்தாள்.

மறுநாள் பத்துப் பன்னிரண்டு சமையல்காரர்கள் வந்தார்கள். தங்கை வாசலில் நின்று புதுப் பலகையை மேலிருந்து கீழாக ஒரு முறை வாசித்தாள். பிறகு அதற்குக் கீழே நின்ற அக்காவைப் பார்த்தாள். சண்டை போடுவாள் என்று சிக்கனக்கா எதிர்பார்த்தாள். தங்கை இரண்டு கையையும் குவித்தாள்.

"வணக்கம் மேடம். கத்துக்க வந்திருக்கோம்," என்றாள்.

ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம்.

கண்ணாடிக்காரர் தராசோடு வந்து சேர்ந்தார். சமையல் முடிந்தது. பருப்பு என்று பெயர் பண்ணிய மஞ்சள் தண்ணீரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோஸ். எல்லாச் சமையல்காரர்களும் அண்டாவை எட்டிப் பார்த்தார்கள். தங்கள் வீட்டுக் கஷ்டத்தை அடுத்த வீட்டிலும் பார்த்ததுபோல ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையாகத் தட்டை நீட்டினார்கள்.

அளந்து அளந்து ஊற்றினாள். சில பிள்ளைகள் தட்டைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்கள். ஏதாவது கேட்பார்கள் என்று நினைத்தாள், கேட்கவில்லை. புது ஆட்கள் நிறையப் பேர் நிற்கிறார்கள், சமையலம்மா முகமும் சரியில்லை. பிள்ளைகளுக்கு இதெல்லாம் நம்மைவிடச் சீக்கிரம் புரியும். 'இன்னும்' வந்தாள். ஒரு கரண்டி வாங்கினாள். வழக்கம்போல நகராமல் நின்றாள். அண்டாவை எட்டிப் பார்த்தாள். பிறகு தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்துவிட்டாள்.

சிக்கனக்கா அடுத்த தட்டுக்கு ஊற்றினாள்.

கண்ணாடிக்காரர் அண்டாவைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். "பாத்தீங்களா? காய் கொஞ்சம் கம்மிதான். ஆனா யாருமே ரெண்டாவது தடவை கேக்கல. போதுமா இருக்குன்னுதானே அர்த்தம்?"

பின்வரிசையிலிருந்து தங்கையின் குரல் வந்தது. கோபமே இல்லாத குரல்.

"ஆமா சார். எங்க ஸ்கூல்லயும் இப்பல்லாம் யாரும் கேக்கறதில்ல. ஆரம்பத்துல கேட்டாங்க. அப்புறம் விட்டுட்டாங்க."

அதற்கு மேல் சிக்கனக்காவால் தாங்க முடியவில்லை. கரண்டியை அண்டா விளிம்பில் மாட்டினாள்.

"சார், அன்னிக்கு நீங்க பாத்த காய் வாங்கினது இல்ல. என் வீட்டுக்காரர் கடையில விக்காம நின்ன காய். சும்மா குடுத்தாரு. பில்லு பேருக்குப் போட்டது. கேக்கற விதமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் பெருமைக்குச் சொன்னேன். இதோ, இந்தத் தண்ணிதான் உங்க ரேட்டு."

"அப்ப அன்னிக்கு ஏம்மா இதைச் சொல்லல?" அவர் குரல் கம்மிப்போயிருந்தது.

"நீங்க ஆச்சரியப்பட்டீங்க சார்," என்றாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. இவ்வளவு அற்பமான காரணத்துக்கா இத்தனை பிள்ளைகள் பாதி முட்டை தின்றார்கள் என்று அப்போதுதான் அவளுக்கே காதில் விழுந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "நானும் சந்தைக்குப் போயி விலை கேட்டிருக்கணும். கேக்கல. எனக்கும் அந்தப் பதில் பிடிச்சுப் போச்சு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "மேல எழுதிப் போடறேன். மறுபடி செலவு பாக்கணும்னு எழுதறேன். ஆனா ரேட்டு மாற எவ்வளவு நாளாகும்னு என்னால சொல்ல முடியாது. அதுவரைக்கும் அந்த மூட்டை உள்ள வரக்கூடாதும்மா. தெரியாத வரைக்கும் வேற. இப்ப எனக்குத் தெரிஞ்சு போச்சு."

எல்லாரும் கிளம்பினார்கள். தங்கை மட்டும் பிள்ளைகள் கை கழுவும் குழாயடியில் நின்றாள். திறந்து கிடந்த குழாய்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்," என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

"ஒரே மூட்டைதான்டி இருந்துச்சு."

"நான் என்ன, அதைக் கேட்டிருப்பேனா?" என்றவள் கொஞ்சம் நிறுத்தினாள். கடைசிக் குழாயை இறுக்கி மூடினாள். "கேட்டிருப்பேன். கண்டிப்பா கேட்டிருப்பேன்."

அக்கா கையை நீட்டினாள். தங்கை பிடித்துக்கொள்ளவில்லை. ஆனால் 'மேடம்' என்றும் சொல்லவில்லை. "வரேன்க்கா," என்றுவிட்டுப் போனாள். அன்றைக்கு அதுவே பெரிசு.

மறுநாளிலிருந்து மூட்டை வரவில்லை. கணவர் மட்டும் பழக்க தோஷத்தில் வெறும் சைக்கிளோடு பின்வாசல்வரை வந்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கடைக்குப் போனார். வளைந்த கேரட் எல்லாம் மாட்டுக்குப் போயிற்று. புதுப் பலகையைக் கழற்றச் சொல்லி உத்தரவு எதுவும் வரவில்லை என்பதால் தலைமையாசிரியை அதைக் கழற்றவில்லை. சிக்கனக்கா தினமும் அதற்குக் கீழே நடந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது.

மணி அடித்தது. வரிசை வந்தது. 'இன்னும்' தட்டை நீட்டினாள். ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு, நேற்றுப்போலவே பேசாமல் திரும்பினாள். ஒரே நாளில் கற்றுக்கொண்டுவிட்டாள்.

"நில்லுடி," என்றாள் சிக்கனக்கா. "கேளு."

"என்ன?"

"எப்பவும் கேப்பியே, அதைக் கேளு."

பெண் அண்டாவை எட்டிப் பார்த்தாள். "அதான் இல்லையே."

"இல்லன்னா, இல்லன்னு நான் சொல்றேன். அது என் பாடு. நீ கேக்கறதை விட்டுடாத. நல்லா சத்தமா கேளு."

இது என்ன விளையாட்டு என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் சமையலம்மா சொல்கிறாள் என்பதற்காகத் தட்டை உயரத் தூக்கிப் பிடித்து, தலைமையாசிரியை அறைவரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"இன்னும்!"

வரிசையில் பின்னால் நின்ற பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போயிற்று. ஒவ்வொன்றும் தன் முறை வந்ததும் தட்டைத் தூக்கிக் கேட்டது. அறை ஜன்னல் திறந்தது. சிக்கனக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"இல்லம்மா."